ஐந்தாவது வாரத்துக்கு அப்புறம் என்ன செய்யப் போகிறீர்கள்?

கேள்வி: டாக்டர் சார், எங்களுக்குத் துறையூர் பக்கத்தில் ஒரு கிராமம். இருந்த ஒரு மாட்டையும் விற்றுவிட்டோம், 20-க்கு 12 அடி மாட்டுக் கொட்டகை சும்மா கிடக்கிறது. காடை வளர்க்கலாம் என்று யோசனை. ஒரு பண்ணையில் போய்க் கேட்டேன். "ஒரேயடியாக 2000 குஞ்சு விடுங்கள், ஒரு நாள் குஞ்சு 10 ரூபாய், தீவனம் கிலோ 42 ரூபாய், வளர்ந்ததை 40 ரூபாய்க்கு நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்கிறார்கள். கூண்டு, குஞ்சு பொரிப்பான், முதல் குஞ்சு எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் ஆகுமாம். மாமியார் நகையை வைத்துத் தருகிறேன் என்கிறார். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், மார்க்கெட்டிலிருந்து ஓட்டல்களுக்குக் காய்கறி, கறிக்கோழி இறக்குவார். மூத்தவன் ஒன்பதாவது படிக்கிறான். பத்து நாட்டுக்கோழியும் இருக்கிறது. துணிந்து இறங்கலாமா?

பதில்: சகோதரி, இறங்கலாம். ஆனால் 2000 வேண்டாம், நகை வேண்டாம், பொரிப்பான் வேண்டவே வேண்டாம். 150 குஞ்சில் ஆரம்பியுங்கள். அதையும் இந்த வாரமே ஆரம்பிக்காதீர்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை 2000, ஒன்றரை லட்சம், நகை என்று வயிற்றைக் கலக்கியது. இரண்டாவது தடவைதான் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரி கண்ணில் பட்டது. வீட்டுக்காரர் ஓட்டல்களுக்குக் கறிக்கோழி இறக்குகிறார் என்கிறீர்கள். அதுதான் உங்கள் மூலதனம், கொட்டகை கூட அப்புறம்தான். காடை வளர்த்து நஷ்டப்பட்டேன் என்று என்னிடம் வந்தவர்களில் வளர்க்கத் தெரியாமல் விட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். நன்றாக வளர்த்துவிட்டு, 36-வது நாள் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கூண்டைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள்தான் அதிகம்.

அந்தப் பண்ணைக்காரர் சொன்ன விலைகளையே வைத்து 500 குஞ்சுக்குக் கணக்குப் போடுவோம். குஞ்சு 5000 ரூபாய். ஒரு காடை ஐந்து வாரத்தில் கிட்டத்தட்ட அரைக் கிலோ தீவனம் தின்னும், அப்படியானால் 250 கிலோ, 10,500 ரூபாய். உமி, கரண்டு, மருந்து எல்லாவற்றுக்கும் சேர்த்து 1000 வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 16,500. புதிதாக வளர்ப்பவர்களுக்கு 100-க்கு 8 செத்தால் அது நல்ல கைதான், மீதி 460 காடை, 40 ரூபாய் வீதம் 18,400. கையில் நிற்பது 1900 ரூபாய். ஐந்து வார உழைப்புக்கு. இதில் உங்கள் கூலி இல்லை, கூண்டுக்குப் போட்ட காசு இல்லை, நகைக்கு வட்டி இல்லை.

இப்போது அந்த 1900 ரூபாய் எவ்வளவு நாள் தாங்கும் என்று பாருங்கள். வளர்ந்த காடை ஒரு நாளைக்கு 25 கிராம் தின்னும், தலைக்கு ஒரு ரூபாய் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 460 காடைக்கு ஒரு நாள் தீவனம் 480 ரூபாய் சொச்சம். வண்டி நான்கு நாள் தாமதமாக வந்தால் லாபம் முழுக்கக் காடை வயிற்றுக்குள் போய்விட்டது. அந்த நான்கு நாளில் அது கனமாகவாவது ஆகுமா என்றால், ஐந்து ஆறு வாரத்துக்கு மேல் காடை பெரிதாக வளராது, 180, 200 கிராம் என்று நின்றுவிடும். பிராய்லர் கோழி இரண்டு நாள் கூட நின்றால் எடையாவது ஏறும், காடையில் அந்த ஆறுதலும் கிடையாது. பெட்டை முட்டையிடத் தயாராகும், சேவல் கத்தவும் ஒன்றையொன்று கொத்தவும் ஆரம்பிக்கும், அவ்வளவுதான். 2000 காடை என்றால் தாமதமாகிற ஒவ்வொரு நாளும் 2000 ரூபாய்க்கு மேல். நகை வைத்த வீட்டில் அந்த ஒரு வாரம் எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

"நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்ற வார்த்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி விவகாரம் வெடித்தது உங்களுக்கும் நினைவிருக்கலாம். அதிலும் இதே வாக்குறுதிதான், குஞ்சு தருகிறோம், தீவனம் தருகிறோம், வளர்த்துக் கொடுங்கள், நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று. நிலத்தை விற்றுப் பணம் கட்டியவர்கள் தெருவுக்கு வந்தார்கள், பறவைகள் தீவனமில்லாமல் நின்றன. உங்களுக்குச் சொன்ன பண்ணைக்காரர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை, நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் குஞ்சு விற்பதில் லாபம் பார்ப்பவருக்கு நீங்கள் 2000 வாங்கினால்தான் நல்லது, 150 வாங்கினால் அவருக்கு என்ன கிடைக்கும்? ஒன்று செய்யுங்கள். திரும்ப எடுக்கும் தேதியையும் விலையையும், எடுக்காவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் தீவனக் காசை அவர் தருவார் என்பதையும் முத்திரைத்தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் முகம் போகிற போக்கிலேயே பதில் தெரிந்துவிடும். நாமக்கல் கோழி முட்டைக்குத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு விலை அறிவிக்கிறது, பேப்பரைப் பார்த்தால் யார் ஏமாற்றுகிறார்கள் என்று தெரியும். காடைக்கு அப்படி ஊரறிந்த விலை எதுவும் இல்லை. நீங்களும் வாங்குபவரும் பேசிக்கொள்வதுதான் விலை.

அதனால்தான் உங்கள் வீட்டுக்காரர் வண்டி முக்கியம் என்கிறேன். நேராக ஓட்டலுக்கே போட்டு, தலைக்கு 55 ரூபாய் வந்தால் என்று வைத்துக்கொள்வோம், அதே 460 காடைக்கு 25,300. 1900 கிடைத்த இடத்தில் 8800 நிற்கிறது. சாயங்காலம் கடை போடும் வறுவல் வண்டி, பரோட்டா கடை, பிரியாணிக் கடை, இவர்கள்தான் காடை எடுப்பார்கள். இவர்களுக்கு ஒரே நாளில் 400 தேவைப்படாது, வாரத்துக்குப் பத்து, பதினைந்து, இருபது என்று கேட்பார்கள். ஆனால் வாராவாரம் வேண்டும். ஒரு வாரம் கொடுத்துவிட்டு அடுத்த நாலு வாரம் இல்லை என்றால் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள், அப்புறம் உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 150 குஞ்சு. இப்படி விட்டால் கொட்டகையில் எப்போதும் வெவ்வேறு வயதில் மூன்று தொகுதிக் காடை இருக்கும், மொத்தம் 450-க்குள். தரையில் உமி போட்டு வளர்த்தால் ஒரு சதுர அடிக்கு ஐந்து காடை விடலாம், உங்கள் 240 சதுர அடிக்கு இது தாராளம். (2000 அதில் தரையில் அடங்கவே அடங்காது. கூண்டை அடுக்கலாம் என்பார்கள், அடுக்கலாம்தான், ஆனால் மாட்டுக் கொட்டகையில் அவ்வளவு எச்சத்தின் நெடியோடு யார் மூச்சு விடுவது?) ஐந்து வாரம் கழிந்த பிறகு வாரத்துக்கு 70 காடை சீராக வெளியே போகும். ஐந்து கடைக்கு ஆளுக்குப் பதினான்கு. 55 ரூபாய்க்குப் போனால் ஒரு தொகுதியில் 2500 ரூபாய் மிஞ்சும், மாதம் 5000. இது குறைவு என்று உங்களுக்குத் தோன்றும். குறைவுதான். ஆனால் நகை பெட்டியில் இருக்கும், கை பழகியிருக்கும். ஆறு மாதம் கழித்துக் கடைக்காரர்களே "இன்னும் பத்து சேர்த்துப் போடுங்கம்மா" என்று கேட்டால் 300 ஆக்குங்கள். எடுத்ததுமே அகலக்கால் வைக்காதீர்கள்.

சரி, வளர்ப்புக்கு வருகிறேன். ஐந்து வாரத்தில் முதல் பத்து நாள்தான் பாடு, மீதி நாள் தண்ணீர், தீவனம், துப்புரவு என்று தானாக ஓடும். ஒரு நாள் காடைக் குஞ்சு எட்டு கிராம்தான் இருக்கும், உங்கள் பெருவிரலில் பாதி. அதற்குக் குளிர் தாங்காது. முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம் வேண்டும், அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரியாகக் குறைக்கலாம். தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள், ஆனால் அதைவிட நன்றாகக் குஞ்சே சொல்லும். பல்புக்குக் கீழே ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர்கிறது என்று அர்த்தம். தகரத் தடுப்பு ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து இளைத்தால் சூடு அதிகம். பரவலாகப் படுத்தும் மேய்ந்தும் இருந்தால் நீங்கள் போய்த் தூங்கலாம். இரவு கரண்டு போனால்? இதை யாரும் சொல்லித் தருவதில்லை. அரை மணி நேரம் இருட்டிலும் குளிரிலும் விட்டால் குஞ்சுகள் மூலையில் போய் நெருக்கி, அடியில் இருப்பவை மூச்சுமுட்டிச் செத்துவிடும், காலையில் அள்ளித்தான் எடுக்க வேண்டும். அதனால் தடுப்பை வட்டமாகப் போடுங்கள், மூலையே இருக்கக் கூடாது. ஒரு இன்வெர்ட்டரோ, காற்றோட்டமாக வைத்த கரிச் சட்டியோ கைவசம் இருக்கட்டும். அந்தப் பத்து நாளும் வீட்டில் ஒரு ஆள் இருந்தாக வேண்டும், கல்யாணம், வளைகாப்பு எதுவானாலும் ஒருவர் தங்கித்தான் ஆக வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு தொகுதி என்றால் மாதத்தில் இருபது நாள் இப்படி. இதை மாமியாரிடமும் வீட்டுக்காரரிடமும் இப்போதே பேசிவிடுங்கள், பையன் படிப்பைக் கெடுத்து அவன் தலையில் கட்டாதீர்கள்.

உமிக்கு மேல் செய்தித்தாள் விரிக்காதீர்கள், வழுக்கும், குஞ்சுக்குக் கால் அகன்று போய்விடும், அப்புறம் அது நிமிரவே நிமிராது. நெளி அட்டையோ சுத்தமான பழைய சாக்கோ விரியுங்கள். தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டு போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் குஞ்சு உள்ளே விழுந்து முங்கிப் போகும். சிரிக்காதீர்கள், அரை அங்குலத் தண்ணீர் அதற்குக் கிணறு. தீவனத்தில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். காடைக் குஞ்சுக்குப் புரதம் 24 முதல் 27 சதவீதம் வேண்டும், வளர்ந்த கோழிக்கான தீவனத்தைப் பொடித்துப் போட்டால் ஐந்து வாரத்தில் 130 கிராமில் நிற்கும், எந்த ஓட்டலும் எடுக்காது. பூசணம் பிடித்த மக்காச்சோளம் மலிவாக வருகிறது என்று யாராவது தந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

மூன்று வாரத்தில் நெஞ்சைப் பார்த்தால் ஆண், பெண் தெரியும். ஆணுக்கு நெஞ்சு ஒரே செம்பழுப்பு, பெண்ணுக்குக் கறுப்புப் புள்ளி. இரண்டையும் பிரித்து விட்டால் சண்டை குறையும். திடுக்கிட்டால் காடை நேர் மேலே எகிறும், தலை அடிபடும், அதனால் பட்டாசு, நாய், திடீர் வெளிச்சம் எதுவும் கிட்டே வேண்டாம். மாட்டுக் கொட்டகை என்பதால் எலி வளை கட்டாயம் இருக்கும். எலி, பூனை, கீரி, பாம்பு நான்குக்கும் காடை பலகாரம் மாதிரி. சிறு கண் வலை அடித்து, வளைகளை சிமெண்ட் வைத்து அடைத்த பிறகுதான் குஞ்சு. உங்கள் பத்து நாட்டுக்கோழியும் அந்தக் கொட்டகைப் பக்கம் வரக் கூடாது. காடைக்கு நோயே வராது, ஊசியே வேண்டாம் என்று ஊரில் சொல்வார்கள். கோழி அளவுக்கு வராது என்பது உண்மை, வழக்கமாகத் தடுப்பூசியும் போடுவதில்லை. அதற்காக ஒன்றுமே வராது என்று நினைக்காதீர்கள். உமி நனைந்தால் ரத்தக்கழிச்சல் வரும், அழுக்குத் தண்ணீரில் குடல் நோய் வரும், பத்துக் குஞ்சு ஒரே நாளில் செத்தால் கடையில் பவுடர் வாங்கிப் போடாமல் செத்ததை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு வாருங்கள்.

பொரிப்பான் ஏன் வேண்டாம் என்றேன்? வளர்ப்புக் காடை அடைகாக்காது, அந்தக் குணம் அதற்குப் போய்விட்டது, முட்டையைப் பொரிப்பானில் வைத்தால் 17, 18 நாளில் பொரியும். இவ்வளவும் கேட்க எளிதாக இருக்கும். ஆனால் உங்கள் காடைக்குள்ளேயே இணை சேர்த்து அடுத்தடுத்த தலைமுறை எடுத்தால் நெருங்கிய உறவுக் கலப்பின் கேடு கோழியைவிடக் காடையில் வெகு சீக்கிரம் தெரியும். பொரிக்கும் எண்ணிக்கை குறையும், குஞ்சு சிறுக்கும், ஊனம் வரும். மலிவுக் குஞ்சு விற்கும் சில பண்ணைகளில் நடப்பது இதுதான், 10 ரூபாய்க் குஞ்சை 7 ரூபாய்க்குத் தருகிறேன் என்றால் யோசியுங்கள். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் நந்தனம் காடை, நாமக்கல் காடை என்று நல்ல இனங்களை உருவாக்கி வைத்திருக்கிறது. குஞ்சு வாங்கும்போது எந்த இனம், தாய்க்காடை எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் திருச்சியிலேயே இருக்கிறது, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் உங்களுக்கு எட்டாத தூரம் இல்லை. போய் ஒரு நாள் கையில் குஞ்சைப் பிடித்துப் பழகிவிட்டு வாருங்கள், நான் எழுதும் பத்துப் பக்கத்துக்கு அது சமம்.

முட்டைக்காக வளர்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். ஆறு ஏழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும், வருடத்துக்கு 250 வரை இடும், பெரும்பாலும் சாயங்காலத்தில்தான் இடும். ஐந்து காடை முட்டை சேர்ந்தால் எடையில் ஒரு கோழி முட்டை. வாங்குவதற்கு ஆள் இருந்தால் நல்லது, கிராமத்தில் இருக்காது. "ஆயிரம் கோழி அரைக்காடை" என்று போர்டு வைக்கலாம், அது கடைக்காரன் பேச்சு, பரவாயில்லை. ஆஸ்துமா போகும், மூளை வளரும் என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள், அதற்கு ஆதாரம் கிடையாது.

காடை வளர்ப்புக்கு வனத்துறை அனுமதி வேண்டுமா என்று பயமுறுத்துபவர்கள் இருப்பார்கள். 2011-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் புதுப் பண்ணைகளுக்குத் தடை போட்டது, அந்தப் பயம் இன்னும் ஊரில் சுற்றுகிறது, பிறகு நாம் பண்ணையில் வளர்க்கும் ஜப்பானியக் காடைக்கு அது விலகிவிட்டது. கொல்லைக்காட்டில் கண்ணி வைத்துப் பிடிக்கும் காட்டுக்காடை வேறு, அது இன்றும் குற்றம். யாராவது பிடித்து வந்து கொடுத்தாலும் உங்கள் கூண்டில் சேர்க்காதீர்கள். உரித்துச் சுத்தம் செய்து கறியாக விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இந்த வாரமே வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா, இப்போது ஆடி. கொட்டகை, வலை என்று தயாராகி ஆடிக் கடைசியில் குஞ்சு விட்டால் அவை விற்பனைக்கு வரும்போது புரட்டாசி பிறந்துவிடும். நான் வேலையில் சேர்ந்த புதிதில் வீட்டுக்குப் பின்னால் 300 காடை வளர்த்தேன், டாக்டர் அல்லவா, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. ஒன்று கூடச் சாகாத குறையாக வளர்ந்தது. புரட்டாசி முதல் சனிக்கிழமை தயாராக நின்றது! ஊரில் பாதி வீட்டில் கறிச்சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள், நான் ஒரு மாதம் தீவனம் வாங்கினேன். கடைசியில் சொந்தக்காரர்களுக்குச் சும்மா கொடுத்தேன், என் மனைவி இன்றும் சொல்லிக் காட்டுவாள். கார்த்திகை, மார்கழியிலும் மாலை போடுபவர்களால் கொஞ்சம் இறங்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஏறும். காலண்டரில் விற்க வேண்டிய நாளைக் குறித்து, அங்கிருந்து ஐந்து வாரம் பின்னால் எண்ணுங்கள், அதுதான் குஞ்சு இறக்கும் நாள். புரட்டாசி பத்துத் தேதி வாக்கில் முதல் 150-ஐ இறக்கினால் ஐப்பசி நடுவில் காடை தயார். ஐப்பசி மழை உமியை நனைக்கும், கூரை ஒழுகலை இப்போதே பார்த்துவிடுங்கள்.

பணத்துக்கு நகை தேவைப்படாது. வலை, பல்பு, தகரம், தட்டு, முதல் இரண்டு தொகுதிக் குஞ்சு, தீவனம், கொட்டகையின் சில்லறை மராமத்து எல்லாம் 25,000-க்குள் முடிக்கப் பாருங்கள். மாடு விற்ற பணம் கொஞ்சம் இருக்குமே. பிறகு பெரிதாக்கும்போது கடன் வேண்டுமென்றால் வங்கியில் கிசான் கடன் அட்டை கேளுங்கள், 2018-19 முதல் அது கால்நடை, கோழி வளர்ப்புக்கும் உண்டு.

இடையில் கிடைக்கும் இந்த இரண்டு மாதத்தில் வீட்டுக்காரரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டுக் கொடுங்கள். கோழி இறக்கும் ஒவ்வொரு கடையிலும் நாலு விஷயம் கேட்டு எழுதி வரட்டும்: வாரத்துக்கு எத்தனை காடை எடுக்கிறார்கள், இப்போது யாரிடம், உயிரோடா உரித்தா, என்ன விலைக்கு. ஐந்தாவதாக ஒன்று, அதைக் கேட்காமல் அவரே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும், கோழிக்குக் காசை அன்றே தருகிறார்களா, "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்கிறார்களா. கடன் சொல்லும் கடையின் எண்ணிக்கையை அடித்துவிட்டுக் கூட்டுங்கள். 60-க்குக் குறைவாக வந்தால் குஞ்சு எடுக்காமல் எனக்கு எழுதுங்கள், வேறு யோசிப்போம். 60-க்கு மேல் வந்தால் எலி வளையை அடைக்க ஆரம்பியுங்கள்.